ஆறு மேசைக் கடை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அமெரிக்கா போய் வந்த அனுபவத்தை எழுதுங்கள் என்று சிஸ்டர் அவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். சுதந்திர தேவி சிலையைப் பற்றியும், வானத்தைத் தொடும் கட்டடங்களைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் கண்முன் வந்து நிற்பது ஒரு சோற்றுக்கடை. ஆகவே, அன்புத் தங்கைகளே, அந்தக் கடையைப் பற்றியே எழுதுகிறேன். சிஸ்டர் மன்னிப்பார்களாக.

என் மகளும் மருமகனும் குடியிருப்பது நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங் என்னும் இடத்தில். மன்ஹாட்டனிலிருந்து 7ஆம் எண் ரயிலில் ஏறினால், ஆற்றுக்கு அடியில் புகுந்து, பிறகு வீட்டுக்கூரைகளின் உயரத்தில் பாலத்தின் மேல் ஓடி, கடைசி நிலையத்தில் நம்மை இறக்கிவிடும். படியேறித் தெருவுக்கு வந்தால் இது அமெரிக்காவா என்று சந்தேகம் வரும். கடைப் பலகைகளில் எங்கும் சீன எழுத்து. நடைபாதையில் கீரைக்கட்டு, இஞ்சி, நண்டுக்கூடை. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு ஆசிய நாட்டார் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1970களிலும் 1980களிலும் ஃபிளஷிங்கில் வந்து கடை போட்ட சீன மொழிக்காரர்களில் முன்னோடிகள் தைவான்காரர்கள். பிறகுதான் சீனப் பெருநிலத்தார் திரளாக வந்தனர். நம்மவர்களும் இல்லாமல் இல்லை. பவுன் தெருவில் 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் உணவகத்துத் தோசைக்கு ஊரெல்லாம் பெயர்.

நான் போனது ஜனவரி மாதக் குளிரில். காலையில் பிள்ளைகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போய்விட்டால், மாலை ஆறு மணி வரை வீட்டில் கடிகாரமும் நானும்தான். முப்பத்தொரு ஆண்டு வகுப்பறையில் கத்திய தொண்டைக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. ஒருநாள் கம்பளிக்கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு குறுக்குத் தெருவில் திரும்பியதும் மூக்கில் ஏறியது ஒரு மணம். சின்ன வெங்காயம் எண்ணெயில் பொன்னிறமாய்ப் பொரிகிற மணம்! கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன.

மொத்தம் ஆறு மேசைகள். மேலே மெழுகுத்துணி, அதன் மேல் ஒரு டப்பாவில் குச்சிகள், ஒரு டப்பாவில் மிளகாய் விழுது. சுவரில் சிவப்புக் காகிதத்தில் பண்டங்களின் பெயர்கள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிறு தெய்வ மாடம், அதில் இரண்டு ஆரஞ்சுப் பழம். அடுப்படியில் ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல். எனக்குச் சீனம் ஒரு சொல்லும் இல்லை. மணம் வந்த பானையை விரலால் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் வைத்தார்.

அதன் பெயர் லூ ரோ ஃபான். சுடுசோற்றின் மேல், பொடிப்பொடியாய் நறுக்கிய பன்றியிறைச்சிக் குழம்பு, அவ்வளவுதான். தோலும் கொழுப்புமான இறைச்சியைச் சோயா சாற்றிலும் அரிசி மதுவிலும் கற்கண்டிலும் மணிக்கணக்காய்ச் சிறு தீயில் கிடத்துகிறார்கள். உள்ளே போகிற மசாலா நமக்கு அந்நியமில்லை: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெருஞ்சீரகம். உயிர் கொடுப்பது பொரித்த வெங்காயம். நல்ல கறி வாங்க வசதியில்லாதவர்கள் கிடைத்த துண்டு துணுக்கை நறுக்கி, நிறையச் சோற்றுக்குக் கொஞ்சம் குழம்பாய் ஊற்றிக்கொண்டதில் பிறந்த உணவு என்று சொல்வார்கள். தின்றால் நம்பலாம். ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாய். அது ஜப்பானியர் விட்டுச்சென்றது. 1895 முதல் 1945 வரை ஐம்பது ஆண்டு அந்தத் தீவை ஆண்டவர்கள் அவர்கள்.

பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது போனேன். தைவான் நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு பரப்புள்ள தீவு. அதற்குள் எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்பதை அந்தச் சுவர்க் காகிதமே சொல்லும். மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பைப் பாருங்கள். 1949இல் சீனாவிலிருந்து தப்பி வந்த படைவீரர்களும் அகதிகளும் பரப்பியது அது. அதற்குமுன் உழவர் வீடுகளில் மாட்டைத் தொடமாட்டார்கள். ஏர் இழுக்கிற பிராணியைத் தின்பதா என்ற எண்ணம். மூன்று கிண்ணக் கோழி என்று ஒன்று: நல்லெண்ணெய் ஒரு பங்கு, சோயா ஒரு பங்கு, அரிசி மது ஒரு பங்கு. இறக்கும்போது ஒரு பிடி பச்சிலை போடுவார்கள். முகர்ந்து பார்த்தேன்; அசல் நம் திருநீற்றுப்பச்சை! பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் இஞ்சியும் நல்லெண்ணெயும் விட்டுக் கோழி சமைத்துக் கொடுக்கிற வழக்கமும் அங்கே உண்டாம். நம் பாட்டிமார்கள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

பேரனுக்குப் பிடித்தது அங்குள்ள பால் தேநீர். அடியில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும், பெரிய குழலில் உறிஞ்ச வேண்டும். 1980களில் தைவானில் தோன்றி இன்று உலகமெங்கும் பரவிவிட்டது. உருண்டை என்ன என்கிறீர்கள்? மரவள்ளிக்கிழங்கு மாவு. நம் சேலத்து ஜவ்வரிசியின் தம்பி. (நாறும் தோஃபு என்று ஒன்று உண்டு. கருவாட்டு மணத்தில் வளர்ந்த எனக்கே அது முதல்நாள் சற்று அதிகம். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.)

அந்த அம்மாளுக்கு ஒரு மகள். பதின்மூன்று வயதிருக்கலாம். மூன்று மணிக்குப் பள்ளிவிட்டு வந்து, கடைசி மேசையில் புத்தகத்தைப் பரப்புவாள். ஒரு கணக்கு, பிறகு பத்துக் கொழுக்கட்டை. மறுபடி ஒரு கணக்கு. மாவு வட்டத்தில் பூரணம் வைத்து மடிக்கிற அந்த விரல்கள் புத்தகத்தைப் பார்த்தபடியே வேலை செய்யும். வருகிறவர்கள் ஆங்கிலத்தில் கேட்பதை எல்லாம் தாயிடம் சீனத்தில் சொல்வதும் அவள்தான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. இறைச்சி வேண்டாம் என்றேன். சிறுமி உடனே கேட்டாள்: "வெங்காயம், பூண்டு ஆகுமா?" பௌத்த முறையில் கண்டிப்பான சைவம் உண்பவர்கள் இவற்றையும் விலக்குவார்களாம், தைவானில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். "நான் வெங்காயம் தின்னும் சைவம் அம்மா, அதுவும் இன்றைக்கு மட்டும்தான்" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய கீரை வந்தது. சர்க்கரைவள்ளிக் கீரை, நம் பக்கம் சீனிக்கிழங்கு என்போமே, அதன் இலை. யுத்த காலத்தில் தைவானில் விளைந்த அரிசி ஜப்பானுக்குப் போக, மக்கள் இந்தக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். அதே ஆண்டுகளில், 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி நின்றபோது, திருவிதாங்கூரில் எங்களைக் காப்பாற்றியது மரச்சீனிக் கிழங்கு என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. சிறுமியின் வயதில் மூன்று பெண்கள், தோளில் பள்ளிப்பை. தேநீர் வாங்க வந்தவர்கள். சிறுமி அவர்களைப் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த கொழுக்கட்டையை அப்படியே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். எழுந்து வந்து, என் எதிர் நாற்காலியில் அமர்ந்தாள்! என்னோடு சாப்பிட வந்தவளைப் போல. அவர்கள் "ஹலோ" என்றார்கள். இவளும் "ஹலோ" என்றாள்.

அந்த அம்மாள் மூன்று கோப்பைகளை மூடிக் கொடுத்தார், பணம் வாங்கினார், சில்லறை எண்ணிக் கொடுத்தார். ஒரு முறைகூட மகள் பக்கம் திரும்பவில்லை. தெரியாமலா திரும்பவில்லை? தெரிந்துதான். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

தங்கைகளே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1975இல் நான் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு. என் அம்மா பேருந்து நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். ஓலைக்கூரை, இரண்டு பெஞ்சு. கட்டணச் சலுகையில் படித்தேன் என்பது சிஸ்டர்களுக்குத் தெரியும், தோழிகளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு மங்களூரில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். அம்மா தூக்குச்சட்டியோடு வந்துவிட்டாள். முந்தானையில் கரி. "இந்தா மக்களே, சோத்த மறந்துட்டுல்லா வந்துட்ட" என்றாள். பக்கத்தில் நின்றவள் "யார்டீ இது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டு வேலைக்காரி" என்றேன்.

அம்மாவின் காதில் விழுந்தது. சட்டியை என் கையில் கொடுத்து, "வாறேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாப்பா என்று அம்மா என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளை வேலைக்காரர்கள் கூப்பிடுகிற பெயர் அது. எனக்காக அந்தப் பொய்யை அவளே முடித்து வைத்தாள்.

அன்றிரவு இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. 1996இல் அம்மா இறந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை.

மூன்று பெண்களும் போன பிறகு சிறுமி எழுந்திருக்கவில்லை. மேசைத்துணியைக் கீறிக்கொண்டிருந்தாள். கண்டிக்கலாமா என்று வாய் வரை வந்தது. ஆசிரியைப் பழக்கம் அல்லவா? ஆனால் எந்த முகத்தோடு கண்டிப்பது? "உன் அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லித் தருவாயா?" என்றேன்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சிறுமி சீனத்தில் சொன்னாள். என் அம்மாவும் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள் என்றேன். இட்லி என்றால் என்ன என்று கேட்டாள். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது என்றேன். அரிசியை அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி வேகவைக்கிற பலகாரம் எங்களிடமும் உண்டு என்றாள். நானும் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன் என்றேன். அதையும் சொன்னாள். தூக்குச்சட்டிக் கதைக்கு வந்தேன். "வேலைக்காரி" என்ற சொல்லுக்கு வந்ததும் சிறுமி நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். காதோரம் சிவந்துவிட்டது. பிறகு தாயின் முகத்தைப் பார்க்காமல், மிகச் சுருக்கமாய் ஏதோ சொன்னாள். அந்தச் சொல்லைச் சொன்னாளா, விழுங்கிவிட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

"உங்கள் அம்மா காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று அம்மா கேட்கிறார்கள்" என்றாள் சிறுமி.

"மூன்று மணிக்கு" என்றேன்.

சிறுமி சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. நான்கு விரல்களை உயர்த்திக் காட்டி, தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். அதற்குள் அடுப்பில் பானை பொங்கும் சத்தம் கேட்டது, ஓடிவிட்டார்.