மாசியில் முளைத்து சித்திரையில் மறைந்த ஊர்

தூத்துக்குடி கடற்கரைக்குப் போகிறவர் கண்ணில் இன்று படுபவை துறைமுகத்தின் கிரேன்கள், மீன்பிடிப் படகுகள், பனிமய மாதா பேராலயம், ஊரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். ஆனால், இந்தக் கரைக்கு 'முத்துநகர்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் தங்கியிருந்த இன்னொரு ஊர் எங்கேயும் தென்படாது. அந்த ஊருக்குச் சுவரும் கிடையாது, அஸ்திவாரமும் கிடையாது. பனை ஓலை, கம்பு, கித்தான், கயிறு... அவ்வளவுதான்!

அதுதான் முத்துக்குளிப்புக் கூடார ஊர். முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்றும் சொல்வார்கள். சலாபம் வருஷா வருஷம் வராது. கடலுக்கு அடியில் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று அரசு அதிகாரிகள் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். போதுமான சிப்பி இருந்தால்தான் அறிவிப்பு வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன்பு கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் அதற்குக் காலம். அறிவிப்பு வந்ததும் தூத்துக்குடிப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், முத்து வியாபாரிகள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடிவிடுவார்கள். வெறும் மணலில் தெருக்கள் முளைக்கும். அதிகாரிகளுக்குக் கித்தான் கூடாரம். மற்றவர்களுக்கு ஓலைக் குடிசை.

கடற்கரை மணலில் கூடாரம் போடுவது லேசான வேலை இல்லை. செம்மண் தரையில் நிற்கிற முளைக்குச்சி, மணலில் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கயிற்றின் நுனியை ஒரு கட்டையிலோ மணல் மூட்டையிலோ கட்டி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வாசல் காற்றடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. பருத்திக் கயிறு இரவுப் பனியில் நனைந்தால் சுருங்கி விறைத்துக்கொள்ளும். மாலையில் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வெயில் ஏறியதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். மறந்தால் கித்தான் கிழியும், அல்லது முளை பிடுங்கும்.

கரையில் கூடாரத்துக்குக் கயிறு என்றால், கடலில் உயிருக்கே கயிறு. நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கிளம்பும். விடிந்ததும் குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். கையில் அகப்பட்ட சிப்பியைக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். மச்சான்தான் அந்தக் கயிற்றைப் பிடிப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்கா, தங்கையின் தாலி அந்தக் கையில் இருக்கும்போது பிடி தளருமா?

பிற்பகல் கடற்காற்றில் படகுகள் திரும்பும். 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த இடத்தில் சிப்பிகளைக் குவிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஏலம் போகும். குளித்தவர் தன் பங்கை அங்கேயே ஐந்தும் பத்துமாக விற்றுவிடுவார். வாங்கியவருக்கு அது பரிசுச் சீட்டு மாதிரி. உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மொத்த வியாபாரிகள் சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்துக்கும் ஈக்கும் நடுவில்தான் அத்தனை பேருக்கும் சாப்பாடும் தூக்கமும். காலரா வந்துவிட்டால் ஊரே கலைய வேண்டியதுதான்.

நம் கரையில் சிப்பி விளையாத வருஷங்களில் தூத்துக்குடிக்காரர்கள் மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கைக்குப் போவார்கள். அங்கே மறிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த சலாபத்தில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. தபால் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் கொண்ட தற்காலிக நகரம் அது. பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லியோனார்ட் வுல்ஃப், 1906-ல் இளம் அதிகாரியாக அங்கே வேலை பார்த்திருக்கிறார்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு அப்படியொரு அறிவிப்பு வரவே இல்லை. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்குக் கூடார ஊர் தேவைப்படவில்லை.

சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் அதே கடலில் இறங்குகிறார்கள். காலையில் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். முத்தெடுத்தவர்கள் படுத்துறங்கிய இடத்துக்கு ஒரு கல்வெட்டுகூட இல்லை. கடைசிப் படகு கரையேறியதும் ஓலையைப் பிரித்து, கித்தானைச் சுருட்டி, கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். அடுத்த சலாபத்துக்கு வேண்டும் அல்லவா!