மாலையில் பாடிய பெட்டி

விழா மலருக்குக் கல்லூரி நினைவொன்றை எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, என் உள்ளத்தில் முதலில் எழுந்தது நம் பௌதிகவியல் ஆசிரியரின் குரலே. ஆய்வேட்டை நீட்டியதும் அவர் கேட்கும் முதல் வினா, “மேல் மூலையில் அறை வெப்பநிலையைக் குறித்தாயா?” என்பதாகும். அதனை வெறுஞ்சடங்கெனக் கருதினோம். அச்சடங்கின் பொருளை நான் உணர்ந்தது, ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்று மன்னார்த் தீவிலே பேசாலையிற் குடியிருக்கும் இக்காலத்திலேயாம்.

அயல்வீட்டு இளைஞனொருவன் கிற்றார் வாசிப்பதில் வல்லவன். அதன் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியொன்றைத் தன் கையாலேயே அமைத்திருந்தான். இத்தகைய ஒலி பிறந்த வரலாறு சுவையானது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ரொபின்ஸின் பாட்டொன்றில், ஒலிப்பதிவுக் கருவியின் பழுதினாற் கிற்றார் ஒலி சிதைந்தது. அச்சிதைவை நீக்காது விட்டனர், கேட்டோர் விரும்பினர். மறு ஆண்டே அதனை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி சந்தைக்கு வந்தது. 1966இல் இலண்டனில் வெளியான வட்டப் பெட்டியின் சுற்றையே நம் இளைஞன் பின்பற்றினான்: இரண்டு ஜேர்மானியத் திரான்சிற்றர்கள், சில தடைகள், ஒடுக்கிகள், ஒன்பது வோல்ற்று மின்கலம், அவ்வளவே.

பெட்டி ஒருநாட் பகலில் விக்கி விக்கி ஊமையாயிற்று. மாலையில் என்னிடம் கொணர்ந்தான். பற்றாசு வைத்த இடங்களை மீண்டும் உருக்கினேன், பாடியது. மறுநாட் பகல் மீண்டும் ஊமை. “திரான்சிற்றர் கெட்டுவிட்டது” என்று தீர்ப்பளித்தேன். அவன் தன் உழைப்பின் பணத்தில் அதே வகையில் வேறொன்றை வருவித்தான். ஒரு மாலை மாற்றினோம், பாடியது. பெருமிதத்துடன் வீடு சென்றேன்.

அடுத்த வாரம் ஒரு திருமண விருந்து. நண்பகல், தகரப்பெட்டி வெயிலில் மணல்மேற் கிடந்தது. இரண்டாம் பாட்டிலே குரல் அற்றது. பலர் நகைத்தனர். நானோ, பலர் கேட்க, “தம்பி, உன் கைவேலை செம்மையில்லை” என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. பன்னாட்கள் பெட்டியைத் தொடவுமில்லை.

பின்னொருநாள் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்: “சேர், நாங்கள் எப்போதும் மாலையில்தானே திருத்துகிறோம்?”

அந்த ஒரு வினாவில் என் ஐம்பதாண்டுப் பெருமை கரைந்தது. மறுநாள் நண்பகலிற் பல்மானியை எடுத்தேன். இரண்டாந் திரான்சிற்றரின் சேகரிப்பானில், மின்கலத்தின் அரைப்பங்காகிய நாலரை வோல்ற்று அளவில் இருத்தல் வேண்டும்; எட்டுக்கு மேல் இருந்தது. பெட்டியை நிழலிலே தண்ணீர்ப்பானையின் அருகே வைத்தோம். அரைமணியில் அளவு இறங்கிற்று, குரலும் மீண்டது.

ஜேர்மானியத்தினூடு எப்போதும் சிறிது மின்னோட்டம் கசியும். வெப்பநிலை ஏறத்தாழப் பத்துப் பாகை ஏறுந்தோறும் கசிவு இருமடங்காகும். 28 பாகையில் ஒன்றாயிருந்தது 48இல் நான்காகும். முதல் திரான்சிற்றரின் கசிவு மிகவே, இரண்டாவது அடங்கிப்போயிற்று. ஆகவே பற்றாசும் பழுதன்று. பழைய திரான்சிற்றரும் கெடவில்லை. அவன் கைவேலையோ மிகச் செம்மையானது. எங்கள் பெட்டியைக் குணமாக்கியது என் திறமையன்று, மாலைக் கடற்காற்றே.

முதலிடத்திற் கசிவு மிகக் குறைந்த சிலிக்கன் திரான்சிற்றரை வைத்து, இரண்டாமிடத்தில் ஜேர்மானியத்தையே விட்டு, சேகரிப்பானின் தடையைத் திருகிச் சரிசெய்யத்தக்கதாய் மாற்றினான். இனிமையும் கெடவில்லை, பகலிலும் பாடுகின்றது.

விருந்திற் பழித்தது பலர் முன்னிலையில். ஆகவே மன்னிப்பையும் பலர் முன்னிலையிற் கேட்டேன். அவன் நாணிச் சிரித்தான்.

மாணவ இளைஞர்காள்! திருத்தியபின் ஒன்று இயங்கிற்று என்பதனால், திருத்தியதனாலேயே இயங்கிற்று எனத் துணியாதீர்கள். அளந்து பாருங்கள், இருவேறு வேளைகளில் அளந்து பாருங்கள். பிறர் கையைப் பழிக்குமுன் ஆய்வேட்டின் மேல் மூலையை நோக்குங்கள். நம் ஆசிரியர் அன்று கேட்ட வினாவுக்கு நான் இன்றுதான் விடை எழுதியிருக்கிறேன்.