உப்பங்காற்றில் கறுத்த அஞ்சல்தலைகள்

பழைய அஞ்சல்தலைகளின் நிறத்தை ஒரே பெயரிட்டு அழைத்துவிட முடிவதில்லை. 1854-இல் கல்கத்தாவில் கேப்டன் துய்லியர் கல்லச்சில் அஞ்சல்தலைகளை அச்சிடத் தொடங்கியபோது, அரையணாவுக்கு முதலில் சிவப்பையே தேர்ந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த வெர்மிலியன் மை தீர்ந்துபோகவே அரையணா நீலமாயிற்று. அந்த நீலத்திலும் மையின் கலவைக்கேற்ப வெளிர், அடர் எனப் பல சாயைகள் உண்டு. இவை அச்சகத்தில் பிறந்த வேறுபாடுகள். சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குபவை. அச்சகத்தை விட்டு வந்த பின்னரும் அஞ்சல்தலைகள் நிறம் மாறுகின்றன. இந்த இரண்டாவது மாற்றத்தை முதலாவதென்று சொல்லி விற்பதும் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

மரக்காணத்து வீட்டில் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற தொகுப்பைப் பங்கிட அமர்ந்தபோது, உடன்பிறந்தோர் மூவருக்கும் இது வெறும் ஏட்டுச் செய்தியாக இல்லாது போயிற்று. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஆரஞ்சு அஞ்சல்தலைகள் சில அதில் கரும்பழுப்பாக இருந்தன. பார்க்க வந்த வணிகர் ஒருவர், பாட்டனாருக்கு வந்த கடித உறையில் ஒட்டியிருந்ததை மட்டும் "அபூர்வ நிறப்பிழை" என்று சொல்லி நல்ல விலை கேட்டார். வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க அந்தப் பணம் போதுமானதாயிருந்தது.

எங்களுக்கு ஐயம் உப்பளத்தின் மீது விழுந்தது. பாத்திகளின் அடிச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் காற்றுப்புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதன் விளைவு அது. கழுவேலி ஏரியின் கரைச்சேற்றிலும் இதே வேலை நடக்கிறது. அக்கால மஞ்சள், ஆரஞ்சு மைகள் பலவற்றில் ஈயச் சேர்மங்கள் உண்டு. கந்தக வாயு பட்டால் ஈயம் கரிய சல்பைடாகிவிடும். சேகரிப்போர் இதைப் பழக்கத்தால் 'ஆக்சிஜனேற்றம்' என்பார்கள், பெயர் பொருந்தாதது. மாறாக, ஆக்சிஜன் தரும் ஹைட்ரஜன் பெராக்சைடே அந்தக் கருமையை வெண்ணிற ஈய சல்பேட்டாக்கி அகற்றுகிறது.

அதே பக்கத்தில் கறுத்திருந்த, விலைபெறாத ஒன்றை எடுத்து, மருந்துக்கடைப் பெராக்சைடை நீர்த்து மெல்லிய தூரிகையால் தடவினோம். சில நிமிடங்களில் பழுப்பு விலகி ஆரஞ்சு தலைகாட்டியது. உறைமேலிருந்ததும் இந்தக் கதைதான் என்பதில் எங்களுக்கு ஐயமிருக்கவில்லை.

வணிகரிடம் சொன்னோம். "யாரும் கேட்கப் போவதில்லையே" என்றார். கேட்பவர் ஒருநாள் வருவார். அப்போது விற்றவர் பெயராக எங்கள் தகப்பனார் பெயரே நிற்கும். கூரை இன்னொரு மழைக்காலம் பொறுக்கட்டும் என்று மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

உறையைப் பெராக்சைடால் துலக்கவும் மனம் வரவில்லை. ஈரம் பட்டால் முத்திரை மை கலங்கும், தாள் நலியும்; திரும்பி வரும் ஆரஞ்சும் அச்சகத்து ஆரஞ்சாக இராது. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தப் பழுப்பு, எங்கள் வீட்டார் பல்லாண்டுகள் சுவாசித்த அதே காற்று படிந்து உண்டானது.

உறையை அமிலமற்ற தாளில் பொதிந்து, உப்பங்காற்று எட்டாத ஊரிலிருக்கும் தங்கையிடம் ஒப்படைத்தோம். உள்ளே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்: "மரக்காணத்தில் கந்தகத்தால் கறுத்தது. நிறப்பிழை அன்று."