தாய்ப்பொறியின் படுகை

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது பழமொழி. இஃது உயிருள்ளவற்றுக்கே அன்றி உயிரற்ற பொறிகளுக்கும் பொருந்தும். பிற இயந்திரங்களின் உறுப்புகளைக் கடைந்து தருவது கடைசல் இயந்திரம். ஆதலின் அதனைப் பொறிகளின் தாய் என்பர். தாயிடம் ஒரு குறை இருப்பின், அக்குறை அது ஈன்ற உறுப்புகளிலும் தோன்றாமற் போகாது.

கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்திற்குப் படுகை என்று பெயர். உளியைத் தாங்கிய ஊர்தி அதன்மீதே முன்னும் பின்னும் இயங்கும். முற்காலத்தில் படுகையைப் பெரும்பாலும் மரத்தால் அமைத்தனர். இங்கிலாந்து நாட்டு ஹென்றி மாட்ஸ்லி (1771-1831), 1800-ஆம் ஆண்டையொட்டித் தம் திருகு வெட்டும் இயந்திரத்தை முழுதும் உலோகத்தாலேயே அமைத்தார். பின்னர் வார்ப்பிரும்புப் படுகை எங்கும் வழக்கிற்கு வந்தது.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு கரி உண்டு. அதிற் பெரும்பகுதி, பென்சிலில் நாம் காணும் கரியைப் போன்றே மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும். அது வழுவழுப்பைத் தந்து தேய்மானத்தைக் குறைக்கிறது, அதிர்வையும் அடக்குகிறது.

உலோகத்தின் வன்மையை அளக்கும் முறையொன்றை 1900-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பிரினெல் வெளியிட்டார். 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 3000 கிலோகிராம் சுமையால் அழுத்தி, பதிந்த குழியை அளப்பதே அம்முறை. அவ்வளவையில் பழைய படுகைகளின் வன்மை ஏறத்தாழ 200 ஆகும். மேற்பரப்பைச் சூடேற்றிக் குளிர்வித்த பிற்காலப் படுகைகளில் அது 400-ஐயும் கடக்கும்.

ஆயின், வன்மை மட்டுமே படுகையைக் காத்துவிடுமோ? காவாது. உலோகத் துகளும் சாணைப் பொடியும் ஊர்தியின் அடியிற் புகுந்தால், மென்மையான பரப்பில் பதிந்துகொண்டு வன்மையான பரப்பையே அராவும். குறுகிய வேலைகளே மிகுதியாதலின், சுழலும் தலைப்பகுதியின் அருகில்தான் படுகை முதலிற் பள்ளமாகும். அவ்விடத்தில் உளி தாழ்ந்து விலகும். நேரான உருளையாக வரவேண்டிய தண்டு ஒரு பக்கம் பருத்துவிடும். ஊர்தியின் தளர்ச்சியை நீக்க அவ்விடத்தில் இறுக்கினால், தேயாத மறுகோடியில் அது நகராது சிக்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்தும் உண்டு. நேர்ப்பலகையில் நீலச் சாயம் தடவிப் படுகைமேல் உராய்ப்பர். சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுளியால் இம்மி இம்மியாகச் சுரண்டுவர். மாட்ஸ்லியின் பட்டறையிற் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், இவ்வாறு சுரண்டிச் சமதளம் காணும் முறையை 1840-இல் அறிஞர் அவையில் விளக்கினார். பல நாள் உழைப்பை வேண்டும் பணி இது.

நாள்தோறும் வேலை முடிந்ததும் துகளைத் துடைத்து எண்ணெய் இடுவதற்குச் சில நிமிடங்களே போதும். படுகைக்கு வன்மையைத் தருவது வார்ப்பாலை. அதனைக் காப்பது தொழிலாளியின் கை. நூறாண்டு கடந்தும் செம்மையாகக் கடையும் பழைய இயந்திரம் ஒன்றைக் காண்போர், அதனை வார்த்தவனோடு, நாள்தோறும் அதனைத் துடைத்துவந்த பெயரறியாத் தொழிலாளியையும் போற்றுவாராக!