கொல்லிமலை மேகமும் என் செல்போனும்

தொட்டியத்துலேர்ந்து முசிறி போற வழி.
திருஈங்கோய்மலை. உச்சியில மரகதாசலேஸ்வரர் கோபுரம்.

ரோட்டோரம் வண்டியை நிறுத்தி போனைத் தூக்கினேன்.
உச்சி வெயில். கோபுரம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துக் கெடக்கு.

கொஞ்ச நேரத்துல கொல்லிமலைப் பக்கமிருந்து கருமேகம்.
பாறை மொத்தமும் கறுத்துச்சு, கோபுரத்து மேல மட்டும் ஒரு கீத்து வெயில்.
ஆகா, இதான்!
லென்ஸை சட்டையில தொடைச்சுட்டு நிமிர்ந்தா மலையையே காணோம்.

காலையில குளித்தலைக் கடம்பர், மத்தியானம் அய்யர்மலைச் சொக்கர், சாயங்காலம் இந்த மலை ஈங்கோய்நாதர். ஒரே நாள்ல மூணு பேரையும் பாத்தா விசேஷம்னு சொல்லுவாங்க.
யாரோ போட்டோகிராபர் போட்டுக் குடுத்த டைம்டேபிளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்து வாழைத் தோட்டத்து அண்ணனும் வானத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.
"மழை வரட்டும் தம்பி, காத்துதான் வரக்கூடாது. பூவன் குலை தள்ளி நிக்குது."
முட்டுக்கொடுத்த கழியை ஒவ்வொண்ணா அசைச்சுப் பாத்துக்கிட்டே உள்ள போயிட்டாரு.
நான் மேகம் இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். அதை அவர்கிட்ட சொல்லல.

நக்கீரதேவர் இந்த மலை மேல 'ஈங்கோய் எழுபது'ன்னு 70 வெண்பா பாடியிருக்காரு.
என் போன்ல இருக்கறது ஒரு கரண்டுக் கம்பமும் பாதி மலையும்.

போடவா, வேணாமா?