கிணத்தடி வேலி

தங்கச்சி பொண்ணுக்கு ரெண்டு வயசு. லீவுக்கு வர்றா.
வீட்டுத் தோட்டத்துல கிணறு இருக்கு.
அதான் இன்னைக்கு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை அண்ணன் முதல்ல காட்டுன டிசைன் அவ்ளோ அழகு. பூரா குறுக்குக் கம்பி.
வேண்டாம்ணேன்னுட்டேன். குழந்தைக்கு அது ஏணி.
நெட்டுக்கம்பிதான் வேணும், இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது.
அதுக்கு மேல விட்டா உடம்பு நுழைஞ்சிரும், தலை மாட்டிக்கும்.
"கம்பி கூடப் பிடிக்குமே தம்பி"ன்னார்.
பிடிக்கட்டும்ணே.

மேல ஈட்டி முனையும் வேண்டாம்னு சொல்லியாச்சு. முள்கம்பி பேச்சே கிடையாது.

வேலியோரமா அரளி வைக்கணும்னு அம்மாவுக்கு ஆசை.
பூ அழகுதான், ஆனா இலை, பூ, விதை எல்லாமே விஷம். கையில கிடைச்சதை வாயில வைக்கிற வயசு இது.
செம்பருத்தி வைக்கலாம்மான்னேன். சரின்னுட்டாங்க.

பழைய உரலையும் கவுத்துப் போட்ட வாளியையும் அங்கிருந்து நகர்த்தணும். அது மேல ஏறுனா எந்த வேலியும் குட்டைதான்.

ஆஸ்திரேலியாவுல வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி சட்டப்படி கட்டாயம். 1.2 மீட்டர் உயரமாவது இருக்கணும், கேட் தானா மூடித் தாழ் விழணும்.
நம்ம ஊர்ல திறந்த கிணறு, தரையோட தரையா தண்ணித்தொட்டி, மூடி உடைஞ்ச செப்டிக் டேங்க்... எத்தனை வீட்டுல பாக்குறோம். மனசு பதறுது.

கேட்டுக்கு ஸ்பிரிங் கீல் போடலாம்னு இருக்கேன், திறந்தா தானா மூடிக்கிற மாதிரி. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்துல.
யாராவது போட்டிருக்கீங்களா? மழையில துருப்பிடிச்சு, பாதியில நின்னுடாம மூடுதா?