அரிசிச் சாக்கில் ஓர் அந்நியன்

கொட்டாஞ்சேனையில் வாங்கிய குத்தரிசிச் சாக்கில், வைகாசி மழையோடு செம்பழுப்புப் பூச்சிகள் ஊர்ந்தன. "கடைக்காரர் பழசைத் தந்திட்டார்" என்றார் மனைவி.

கைவில்லையால் நோக்கினேன். நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவு. அரிசி வண்டின் நீண்ட மூஞ்சி இல்லை. இரம்பப்பல் வண்டெனில் முன்மார்பின் இருபுறமும் ஆறாறு பற்கள் தெரியும். இதற்கோ முன்மூலைகளில் ஒவ்வொரு குமிழ் மட்டுமே. உணர்கொம்பின் நுனி தடித்திருந்தது. 'அகஸ்வேரஸ் அட்வெனா', 1834 இல் வால்ட்ல் விவரித்த இனம். ஈரலித்த தானியத்திற் படரும் பூஞ்சணமே இதன் முக்கிய உணவு. சாக்கை நகர்த்தினேன், பின்சுவர் கசிந்திருந்தது. பிழை எங்களுடையது.

'அட்வெனா' என்றால் இலத்தீனில் வந்தேறி. போர்க்கால வெள்ளவத்தையில், பதிவு வரிசைகளில் நின்றபோது அச்சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்.

அரிசியைக் கொட்டினோம். கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் புறப்பட்ட மனைவியை மறித்து, மேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.